பாயின்ட் 22 மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பாருங்கள், ரீலோடிங் அப்புறம்

சுட்டு முடித்த பாயின்ட் 22, அதாவது 0.22 அங்குலத் துப்பாக்கித் தோட்டாவின், பித்தளைக் கூடுகளை ஒரு காலத்தில் நான் எறிந்ததே கிடையாது. ரேஞ்சில் காலடியில் மினுமினுவென்று கிடக்கும். பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். என்றைக்காவது ரீலோட் பண்ணலாம், அதாவது காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பிச் சுடலாம் என்ற நப்பாசை. சென்டர்ஃபயர், அதாவது அடியின் நடுவில் பிரைமர் என்ற தனிப் பற்றவைப்பு மூடி உள்ள தோட்டா, சுடுகிறவர்கள் பழைய பிரைமரைத் தட்டிவிட்டுப் புதியதை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. அந்த ஆசை உச்சிக்கு ஏறுவதெல்லாம் தோட்டா காலை வாரிவிட்ட நாட்களில்தான். "வாங்கினது சரியில்லை, நாமே செஞ்சா என்ன?" என்று தோன்றும். பிறகு நிதானமாகத் தேடினால், தோட்டாவின் தலையில் போட்ட பழியில் பெரும்பங்கு துப்பாக்கியினுடையதாக இருக்கும், மிச்சத்தில் கொஞ்சம் என்னுடையதாக இருக்கும்.

அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். ரீலோடிங் கேள்விக்குக் கடைசியில் வருவோம். உரிமம், பாதுகாப்பான ரேஞ்ச், கண்ணாடி, காதடைப்பு எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

டிரிகரை இழுத்தால் "டிக்" மட்டும் கேட்கிறது

உடனே எதுவும் செய்யாதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். மனதுக்குள் 30 வினாடி எண்ணுங்கள். தாமதித்து வெடிக்கும் ஹேங்ஃபயர் அபூர்வம்தான். ஆனால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உருளை) திறந்த நொடியில் அது வந்து தொலைத்தால், தாங்கிப் பிடிக்கச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவர் இல்லாத கூடு உங்கள் முகத்தருகே கிழியும். எண்ணி முடித்த பிறகு, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுங்கள்.

இப்போது அந்தத் தோட்டாவின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பாயின்ட் 22 ஒரு ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் அடிவாங்கும் தோட்டா. இதில் தனியாகப் பிரைமர் என்று ஒன்று கிடையாது. கூட்டின் அடி விளிம்பு, பித்தளைத் தகட்டை வெளிப்பக்கம் மடித்த ஒரு மடிப்பு. கனம் சுமார் 1 மி.மீ. அந்த மடிப்புக்குள்தான் பற்றவைக்கும் கலவை வளையமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபயரிங் பின் (டிரிகரை இழுத்தால் பாயும் ஊசி) அந்த மடிப்பை நசுக்க வேண்டும்; நசுங்கினால்தான் பொறி. ஆகவே பின் பதித்த தடம் ஒரு சாட்சி வாக்குமூலம் மாதிரி.

தடம் ஆழமில்லாமல் லேசாகத் தெரிகிறதா? தோட்டா நிரபராதி. அடி போதவில்லை. முதல் சந்தேகம் அழுக்கும் கிரீஸும். ஒருமுறை எனக்கு 50 தோட்டாப் பெட்டியில் ஏழு வெடிக்கவில்லை. தயாரித்தவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து போல்ட்டைப் பிரித்தேன். ஃபயரிங் பின் ஓடும் பள்ளத்தில் கிரீஸும் கரியும் சேர்ந்து மெழுகுபோல் கெட்டியாகியிருந்தன. விரலால் பின்னை முன்னே தள்ளினால் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. கிரீஸை வழியவழிய அப்பியது நான்தான், போன பருவத்தில். கரைப்பான் விட்டுக் கழுவி, துடைத்து, ஏறக்குறைய காய்ந்த நிலையிலேயே பூட்டினேன். அதே பெட்டியில் மிச்சமிருந்தது அத்தனையும் வெடித்தது. கழுவியும் தடம் ஆழமாகவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின்னின் முனை தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். இரண்டும் மாற்றக்கூடிய சாமான்கள்.

முதல் அடியில் வெடிக்காத தோட்டா, 30 வினாடி கழித்து அப்படியே மறுபடி அடித்தால் வெடிக்கிறதா? தோட்டா முழுசாக உள்ளே உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது அடிதான் விளிம்பை நசுக்குகிறது. சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். கீழே மூன்றாவது அறிகுறியையும் படியுங்கள்.

தடம் விளிம்பை விட்டு உள்பக்கம் நகர்ந்திருக்கிறதா, அல்லது பாதி விளிம்புக்கு வெளியே விழுந்திருக்கிறதா? பின்னோ போல்ட்டோ நேர்கோட்டில் இல்லை. துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். அரம் எடுத்து நீங்களே சீவ வேண்டாம்.

தடம் ஆழமாக, சரியான இடத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால்தான் தோட்டாவைக் குற்றம் சொல்லலாம். தொழிற்சாலையில் ஈரமான கலவையைக் கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, விளிம்பு முழுக்கப் பரவ வைக்கிறார்கள். எப்போதாவது ஓரிடத்தில் பரவாமல் வெற்றிடம் விழும். ஃபயரிங் பின் அந்த இடத்தில் அடித்தால் பொறி கிடையாது. தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் வேறு இடத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். வெடித்தால் தோட்டாவின் குறைதான் என்று உறுதி. வெடிக்காவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள், ரேஞ்சில் வெடிக்காத தோட்டாக்களுக்கு என்று வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். உங்கள் தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

எது எப்படியிருந்தாலும் ஒரு குறுக்குச் சோதனை செய்யாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. அதே லாட் தோட்டாவை வேறு துப்பாக்கியில் போடுங்கள். வேறு லாட் தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் போடுங்கள். குறை எதன் கூடப் பயணம் செய்கிறதோ அதுதான் குற்றவாளி. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் புலம்புகிறவர்கள் அதிகம். நானும் அந்தக் கோஷ்டியில் இருந்தவன்தான்.

"பொசுக்" என்று சத்தம் குறைந்து போனது

நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். சத்தம் குறைந்தாலும் சரி, உதைப்பு குறைந்தாலும் சரி, இலக்கில் ஓட்டை விழாவிட்டாலும் சரி, குண்டு குழலுக்குள் மாட்டியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பிக்கொள்ளும், சில சமயம் கிழியும். இங்கேயும் 30 வினாடி காத்திருந்து, மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதிசெய்து, கிளீனிங் ராடை நுழைத்துப் பாருங்கள். தடை இருந்தால் மெக்கானிக். சுட்டே வெளியேற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இந்த அறிகுறியை நினைவில் வையுங்கள். ரீலோடிங் பேச்சில் மறுபடி வரும்.

உள்ளே போக மாட்டேன் என்கிறது, போனால் வெளியே வர மாட்டேன் என்கிறது

பாயின்ட் 22 எல்ஆர் (லாங் ரைஃபிள் என்ற வகை) தோட்டாவின் ஈயக் குண்டுக்கு வெளியே மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். அது, வெடிமருந்துக் கரி, ஈயத் துகள் மூன்றும் சேர்ந்து சேம்பரின் முன்முனையில் வளையமாகப் படியும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் இது போகாது. சேம்பர் அளவுக்குப் பொருந்தும் வெண்கல பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். எல்ஆர் சேம்பரில் நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களை நிறையச் சுட்டிருந்தால் இந்த வளையம் இன்னும் பின்னாலேயே படியும். நீளமான எல்ஆர் கூடு அங்கே போய் முட்டும்.

சுத்தம் செய்த பிறகும் இறுக்கம் போகவில்லையா? டார்ச் அடித்து, சேம்பர் வாயின் ஓரத்தைப் பாருங்கள். ஃபயரிங் பின் விழும் இடத்தில் எஃகு நசுங்கி உள்பக்கம் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா? சுட்ட கூட்டின் வாயிலிருந்து அடிவரை ஒரே நேர்கோட்டில் கீறல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சேம்பர் காலியாக இருக்கும்போது டிரிகரை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்ததன் கூலி இது. நடுவில் விளிம்பு இல்லாததால் பின் நேராக எஃகின் மேல் மோதுகிறது. எல்லாத் துப்பாக்கியிலும் இப்படி ஆகாது. பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்புள்ளவை தாங்கும். உங்களுடையது தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள், இல்லையென்றால் டம்மி (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுப் பயிற்சி செய்யுங்கள். பிசிறு வந்துவிட்டால் மெக்கானிக் சேம்பர் அயன் என்ற கூம்புக் கருவியால் உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்திவிடுவார்.

சேம்பர் சுத்தம், பிசிறும் இல்லை, ஆனாலும் கூடு வெளியே வரவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர், அதாவது கூட்டைக் கொக்கிபோட்டு இழுக்கும் உறுப்பு. அதன் கொக்கிக்குக் கீழே அழுக்கு சேரும். பல்குத்தும் குச்சியால் நோண்டினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

கூடு கிழிந்திருக்கிறது, முகத்தில் காற்று அடித்தது

நீளவாக்கில் கிழிந்திருந்தால் தோட்டாவும் சேம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறவையா என்று குழலின் மேல் பொறித்ததைப் படியுங்கள். .22 டபிள்யூஎம்ஆர் (வின்செஸ்டர் மேக்னம் ரிம்ஃபயர்) சேம்பரில் எல்ஆர் தோட்டாவைப் போட்டால் உள்ளே போய்விடும், ஏனென்றால் மேக்னம் கூடு அகலம் அதிகம். ஆடிக்கொண்டு கிடக்கும் கூடு வெடிக்கும்போது உப்பிக் கிழியும். விளிம்பே பிய்ந்திருந்தால், போல்ட் முழுசாக மூடாமல் சுட்டிருக்கிறது, அல்லது போல்ட்டுக்கும் குழலுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோவில் இது கூடுதல் சாத்தியம். மெக்கானிக் பார்க்கும்வரை அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு.

குரூப்பிங் சிதறுகிறது

குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுவதுதான் குரூப்பிங். இங்கேதான் பலரும் ரீலோடிங் கனவில் விழுகிறார்கள். சென்டர்ஃபயர்காரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் குரூப்பைச் சுருக்குவார்கள். நமக்கும் அந்த வித்தை வேண்டும் போலிருக்கும்.

முதலில் மலிவான காரணங்களை ஒழியுங்கள். ஆக்‌ஷனைக் (போல்ட் ஓடும் உடற்பகுதி) கட்டையோடு பிடித்திருக்கும் திருகுகளும் குறிபார்க்கும் சைட்டின் திருகுகளும் தளர்ந்திருக்கின்றனவா, குழல் வாயின் விளிம்பில் அடிபட்ட தடம் உண்டா என்று பாருங்கள். குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டு வந்து முதல் பத்துக் குண்டை நம்பாதீர்கள். தோட்டாவின் வகையை மாற்றினாலும் அப்படித்தான்: ஒவ்வொன்றின் பூச்சும் வேறு, புதுப்பூச்சு குழலில் படிந்து நிலைகொள்ளக் கொஞ்சம் குண்டுகள் செலவாகும்.

அடுத்து வேகம். ஹை வெலாசிட்டி தோட்டாவில் 40 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 2.6 கிராம், குழலை விட்டு ஏறக்குறைய நொடிக்கு 380 மீட்டரில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் சுமார் 340. நூறு மீட்டருக்குள் குண்டு வேகம் குறைந்து ஒலிவேகத்தைக் கடந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தில் தள்ளாடும். போட்டிக்காரர்கள் நொடிக்கு 325, 330 மீட்டர் தோட்டாவை நாடுவது இதனால்தான். அது தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழே. சக்தி அதிகம் என்று வாங்கிவிட்டுத் துல்லியம் போதவில்லை என்று அழுவதில் நியாயமில்லை.

பிறகு சீர்மை. ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் புவியீர்ப்பு இழுப்பில் மட்டும் சுமார் 7 மி.மீ. மேல்கீழ் வித்தியாசம் வரும். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. எவ்வளவு நெருக்கடி என்று பாருங்கள். இதற்கு இருக்கிற வழி ஒன்றே ஒன்றுதான்: லாட் சோதனை. ஒரே பிராண்டின் நாலைந்து லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு, உங்கள் குழலுக்கு எது பிடித்திருக்கிறதோ அந்த லாட் எண்ணிலேயே முடிந்த அளவு வாங்கிவைப்பது. ரீலோடர் மருந்தை மாற்றிக் கண்டுபிடிப்பதை நாம் பெட்டியை மாற்றிக் கண்டுபிடிக்கிறோம். விளிம்புக் கனத்தை அளந்து தோட்டாக்களைப் பிரித்துவைக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டு மாலைகள் செய்து பார்த்தேன். என் கை நடுக்கத்துக்கு முன்னால் அந்த வித்தியாசம் தலைகாட்டவே இல்லை.

பழைய பெட்டி

பச்சைப் பூஞ்சணம் பூத்த கூடு, விரலால் திருப்பினால் சுழலும் குண்டு: சுட வேண்டாம். வெளியே நன்றாகத் தெரிந்தும் நிறைய வெடிக்காமல் போனால் எண்ணெய் பட்டிருக்கும். ஊடுருவும் எண்ணெயைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் தாராளமாகத் தெளித்துவிட்டு அதே பெட்டியில் தோட்டாவையும் வைக்கிறவர்கள் உண்டு. எண்ணெய் குண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே கசிந்து உள்ளே கலவையைக் கெடுக்கும். காய்ந்த, சூடேறாத இடத்தில் வைத்தால் போதும், பல வருஷம் தாங்கும்.

இதெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ரீலோட் பண்ண ஆசையாக இருக்கிறது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சுட்ட கூடு ஒன்றைக் கையில் எடுங்கள். அடி விளிம்பில் ஒரு செவ்வகப் பள்ளம். நகத்தை வைத்தால் நிற்கும். உள்ளே பார்த்தால் அந்த இடத்தில் மடிப்பின் இரண்டு சுவர்களும் ஒட்டிப்போயிருக்கின்றன. கலவை உட்கார வேண்டிய பொந்து அங்கே மூடிவிட்டது. சென்டர்ஃபயரில் அடிவாங்குவது தனிப் பிரைமர். அதைக் கழற்றி எறிந்தால் கூடு புதுசு. ரிம்ஃபயரில் அடிவாங்குவது கூடேதான். மடிப்பு நசுங்கத்தக்க மெல்லிய தகடாக இருந்தால்தான் தோட்டாவே வேலை செய்யும். ஒருமுறை நசுங்கவென்றே பிறந்த சாமானை நிமிர்த்தி மறுபடி நசுக்குவது எப்படி? உள்ளிருந்து பள்ளத்தை நிமிர்த்தலாம். நிமிர்த்திய இடத்தில் பித்தளை களைத்திருக்கும். விளிம்பு பிய்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வரலாற்றிலேயே இந்தத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்களும் ஒரு காலத்தில் இருந்தன. 1860இன் ஹென்றி ரைஃபிள் .44 ரிம்ஃபயரைத்தான் சுட்டது. 1873இல் வந்த வின்செஸ்டர் .44-40 சென்டர்ஃபயருக்கு மாறியது. கூடு கனமாக இருக்கலாம், அழுத்தம் கூடத் தாங்கும், திரும்ப நிரப்பவும் முடியும். பெரியவை ஒவ்வொன்றாக மறைந்தன. அழுத்தம் குறைவான, செய்யச் செலவு குறைவான சின்னது மட்டும் தாக்குப்பிடித்தது. 1887இல் வந்த எல்ஆர் இன்னும் ஓடுவது, சுட்டுவிட்டு எறிகிற தோட்டாவாக இருப்பதால்தான்.

அடுத்த சங்கடம் குண்டு. எல்ஆர் குண்டு கூட்டின் வெளி அளவே கொண்டது. பின்பகுதி மட்டும் சன்னமாகி உள்ளே நுழையும். சென்டர்ஃபயர் கருவிகள் எதுவும் இதற்கு ஆகாது. தனி அச்சு, தனி மடிப்புக் கருவி வேண்டும். மருந்தோ சுமார் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதில் கை தடுமாறினால் மொத்தத்தில் பெரிய சதவீதம். கூடினால் கூடு கிழியும், குறைந்தால் அந்த "பொசுக்".

இவ்வளவும் ஒரு பக்கம். பற்றவைக்கும் கலவைதான் உண்மையான சுவர். அடித்தாலே வெடிக்க வேண்டியது அதன் வேலை. உரசினாலும், சூடேறினாலும், உடம்பின் நிலைமின்சாரம் பட்டாலும் அதே வேலையைச் செய்யும். தொழிற்சாலையில் அதை ஈரமாக இருக்கும்போதே கையாள்கிறார்கள், தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால். வீட்டு மேசையில் அதற்கு இடமில்லை. தீக்குச்சித் தலையைச் சுரண்டிப் போடுகிற பழைய யோசனை இருக்கிறதே, அதுவும் ஆபத்தில் குறைந்ததில்லை; குளோரேட் எரிந்து விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துரு தின்ன வைக்கும், சேதாரத்துக்குமேல் சேதாரம். கலவை எப்படிச் செய்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, கொடுக்கவும் மாட்டேன். பல நாடுகளில் அதைச் செய்வதற்கே தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது.

சரி, எல்லாம் கைகூடி வந்துவிட்டது என்றே வையுங்கள். பள்ளம் நிமிர்த்த, கலவை இட, காய வைக்க, மருந்து அளக்க, குண்டு வார்க்க, பொருத்த: ஒரு தோட்டாவுக்குக் கஞ்சத்தனமாக மூன்று நிமிடம். ஒரு 60 ஷாட் போட்டிக்கு மூன்று மணி நேரம். கையில் கிடைப்பது, கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணத் தோட்டாவைவிடச் சீர்மை குறைந்த ஒன்று. அந்த மூன்று மணி நேரத்தை டம்மி தோட்டாவோடு டிரிகர் பயிற்சியில் போட்டால் ஸ்கோர் ஏறும். ஏர் ரைஃபிளில் போட்டாலும் ஏறும். தோட்டா அறவே கிடைக்காத இடத்தில், வேறு வழியே இல்லாதவர் கதை வேறு. அவருக்கும் ஏர் ரைஃபிளைத்தான் சொல்வேன். கையால் செய்கிற சுகமே வேண்டும் என்றால் ஒரு சென்டர்ஃபயர் ரைஃபிள் வாங்கி முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே அது உருப்படியான கலை.

தயாரிப்புத் தோட்டாவைப் பிரித்து, மருந்தை மாற்றி, மறுபடி மூடுவதையும் இதிலேயே சேர்க்கிறேன். பிடுங்கும்போது குண்டின் சன்னப் பகுதி கோணும், மூடிய வாய் தளரும், காய்ந்த கலவை விரிசல் விட்டு உதிரும். லாட் சோதனை முழுக்க வீண்.

என் பையில் சேர்ந்த கூடுகளை ஒருநாள் பழைய பித்தளைக்குப் போடத் தீர்மானித்துத் தரையில் கொட்டிப் பிரித்தேன். நல்லவேளை, பிரித்தேன். நடுவே இரண்டு சுடாத தோட்டாக்கள் கிடந்தன. இரண்டின் விளிம்பிலும் லேசான தடம், அந்தக் கிரீஸ் காலத்து மிச்சங்கள். உருக்குகிற உலைக்குள் போயிருந்தால்? நீங்களும் போடும் முன் ஒவ்வொன்றாக வாயைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்; குண்டு இருப்பது தனியாக, ரேஞ்ச் பெட்டிக்கு.